மூன்றாவது பழுது

பதினோரு மணிக்கு வருகிறேன் என்று சொன்ன சென்னியப்பன் பதினொன்றேகால் ஆகியும் வரவில்லை. வராமலே இருந்துவிடலாம், மச்சினரை அனுப்பிவிடலாம், வண்டியில் கிடக்கும் சாமான்களை யார் வந்து எடுத்தால் என்ன என்று கோகிலவாணி நினைத்தாள். நினைத்த கையோடு, நேற்றும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதையேதான் நினைத்தோம் என்பதும் வந்து சேர்ந்தது. எதிரே கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஆறு லிஃப்டுகள், ஆறிலும் வண்டிகள், அதற்கும் பின்னால் திறந்த முற்றம், முற்றத்து மூலையில் நீலத் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் சென்னியப்பனின் வண்டி. முன்பக்கம் தார்ப்பாய் வண்டியின் வடிவத்தோடு படிந்து கிடந்தது. பின்பக்கம் வடிவம் எதுவும் இல்லை. அப்படியே சரிந்து தரையைத் தொட்டது. அது கண்ணில் படக்கூடாது என்று வண்டி வந்து சேர்ந்த நாளிலிருந்து அவள் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக இடதுபக்கம் நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறாள். இப்போது கணினித் திரையைப் பார்ப்பதற்கே கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்த ஒர்க்‌ஷாப்பில் அவள் சர்வீஸ் அட்வைசர். வருகிற வண்டியை வாங்கிக்கொள்ள வேண்டும். மெக்கானிக் பார்த்துச் சொல்வதை வண்டிக்காரரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும், இன்ன பழுது, இவ்வளவு ஆகும் என்று. எடுத்துச் சொல்வதுதான் வேலை. ஸ்பேனர் பிடிக்க வேண்டாம், வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம். வாயைத் திறந்து சொன்னால் போதும்.

சென்னியப்பன் வண்டியைச் சர்வீஸுக்கு விட்ட அன்றைக்குச் சனிக்கிழமை. இன்றோடு இருபத்து நான்கு நாள். அன்று அவள் பெயரில் மட்டும் பதினோரு வண்டிகள் நின்றன. அந்த வண்டியை அவர் ஒரு டாக்டரிடமிருந்து பழையதாக வாங்கியிருந்தார். பார்க்கச் சின்ன எஸ்யூவிதான், உள்ளே இருப்பது பந்தய வண்டிக்குப் போடும் ரகத்து என்ஜின்; நின்ற இடத்திலிருந்து ஐந்து நொடியில் நூறைத் தொடும். கணபதியில் வால்வு வார்க்கும் பட்டறை வைத்திருக்கிற, ஐம்பத்து நான்கு வயதான, சட்டைப்பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு வருகிற மனிதருக்கு அந்த ஐந்து நொடி எதற்கு என்று அவர் மனைவி சாந்தாமணியே கேட்டாள், இதே மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, கோகிலவாணியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. இந்த ரக வண்டிகளுக்கென்று சில சீக்குகள் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் மனப்பாடம். எடை ஜாஸ்தி, வேகம் ஜாஸ்தி, அதனால் பிரேக் டிஸ்க்குகள் சீக்கிரம் தேய்ந்து நெளியும். முன்சக்கரத்தைத் தாங்கும் கைகளில் இருக்கிற ரப்பர் புஷ்கள் நம்மூர் ரோட்டில் இரண்டு வருஷம் தாங்கினால் பெரிது. அப்புறம் மூன்றாவது. என்ஜினைச் சூடேறாமல் வைத்திருக்கும் கூலன்ட் ஓடுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. என்ஜின் சூட்டிலேயே கிடந்து கிடந்து அது மெல்ல விரிசல் விடும். முதலில் சொட்டும். பிறகு ஒருநாள் மொத்தமாக விட்டுவிடும். இந்த வண்டியில் சூடு காட்டும் முள் கிடையாது. எல்லை தாண்டின பிறகுதான் சிவப்பில் எழுத்து வரும், வந்த மறுகணம் என்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தன்னைத்தான். மெக்கானிக் அன்வர் அன்று மத்தியானம் செல்போனில் படம் எடுத்து வந்து காட்டினான். என்ஜினின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கறை, காய்ந்து ஓரம் கட்டியிருந்தது. விரலைக் காட்டி, மோந்து பாருங்கக்கா என்றான். பாகு காய்ச்சினது போல ஒரு இனிப்பு வாசம். குறைஞ்சதை நிரப்பியிருக்கேன், கொஞ்ச நாளைக்கு ஓடும், ஹைவேல போறவரா இருந்தா கட்டாயம் சொல்லிடுங்க என்றான். சரி என்றாள். சரி என்று சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதைச் சொல்லும்போது மேசை போன் அடித்துக்கொண்டிருந்ததும், அன்வர் விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டதும்கூட.

சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பிரேக் டிஸ்க் என்றாள், அறுபத்தெட்டாயிரம். அவர் சிரித்தார். புஷ் என்றாள், முப்பத்தோராயிரம். அவர் சிரிக்கவில்லை. வாங்கினதிலிருந்து இந்த வண்டிக்கு அழுததில் பட்டறைக்கு ஒரு லேத் வந்திருக்கும் என்றார். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போன குரலில். சாந்தாமணி குறுக்கிட்டு, அந்தப் பிள்ளை என்ன பண்ணும், அது முகத்தைப் பாருங்க, மத்தியானம் சோறே திங்கலையாட்ட இருக்குது என்றாள். நிஜமாகவே அன்று அவள் சாப்பிட்டிருக்கவில்லை. டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் மேசைக்கு அடியில் இருந்தது. அந்த நேரத்தில் மூன்றாவது தொண்டை வரைக்கும் வந்தது. வந்தது என்பது சத்தியம். வந்து, அங்கேயே நின்றது. இன்னும் ஒரு பழுது என்று சொன்னால் இந்த மனிதரின் முகம் இன்னும் எப்படி ஆகும் என்ற கூச்சமா, நாளைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் போட்டு இவர்களிடம் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பார்களே, இவர் நாலு போட்டால் மாதக் கடைசியில் மேனேஜர் தாமோதரன் எல்லோர் முன்னாலும் அதை வாசிப்பாரே என்ற பயமா, அல்லது வெறும் பசிதானா. இத்தனை நாளாகப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாள், பிரியவில்லை. சில நேரம் பசிதான் என்று தீர்மானமாகத் தெரிகிறது. ஒரு பிடி சோறு தின்றிருந்தால் சொல்லியிருப்பாள். அப்படியானால் பதினொன்றாவது வண்டியை அவள் தலையில் கட்டினவன்மேல் தப்பா, காலையில் நேரங்கழித்து எழுந்தவள்மேல் தப்பா. இப்படிப் போனால் இதற்கு முடிவே இல்லை, ஆனால் இப்படிப் போவதில் கொஞ்சம் இளைப்பாறலும் இருக்கிறது. கடைசியில் எல்லாத் தெருவும் சுற்றி அந்த மேசைக்கே வந்து நிற்கும், எதிரில் இரண்டு பேர், நடுவில் அவள் வாய். திங்கட்கிழமை போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவர்கள் கிளம்பிப் போனார்கள். வண்டி கேட்டைத் தாண்டும்போது சாந்தாமணி கண்ணாடியை இறக்கி, வாயருகே கையைக் கொண்டுபோய்ச் சாப்பிடு என்று ஜாடை காட்டினாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான். நடந்தது என்று சொல்வதுகூட ஒரு தந்திரம், அவள் செய்தது. ஜாப் கார்டை மூடாமல் வீட்டுக்குப் போக முடியாது. மெக்கானிக் எழுதின ஒவ்வொரு பழுதுக்கும் நேராக ஒரு கட்டம்; வாடிக்கையாளரிடம் விளக்கப்பட்டது, வாடிக்கையாளர் ஒத்திவைத்தார் என்று அதில் டிக் விழவேண்டும். விழாவிட்டால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டு நிறுத்திவிடும். முதல் இரண்டுக்கும் டிக் போட்டாள். மூன்றாவதில் விரல் நின்றதா என்று கேட்டால், நிற்கவில்லை. ஒரு கணம் தயங்கியிருந்தால்கூட அந்தத் தயக்கத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வரலாம். அவள் தயங்கவில்லை. மூன்று டிக்குகளும் ஒரே ஓட்டத்தில் விழுந்தன. கீழே சென்னியப்பனின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. காலையில் வண்டியை விடும்போதே டேப்லெட்டில் வாங்கி வைத்தது, எல்லோரிடமும் அப்படித்தான் வாங்குகிறார்கள். திங்கட்கிழமை ஒன்பது வண்டி. செவ்வாய்க்கிழமை ராத்திரி பாத்திரம் துலக்கும்போது ஞாபகம் வந்தது. இந்நேரத்துக்கு எப்படிக் கூப்பிடுவது. புதன்கிழமை ஞாபகம் வரவில்லை. வியாழக்கிழமை அவர் எண்ணை எடுத்தாள், வேறு யாரோ எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பின் அது தானாகவே கீழே போய்விட்டது. பதின்மூன்று நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், விஜயமங்கலம் தாண்டி வலது பக்கத்துப் பாதையில் ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று வேகம் செத்துப்போனது. பின்னால் வந்த லாரிக்காரனுக்கு அவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு வண்டி தளரும் என்று எப்படித் தெரியும். சாந்தாமணி முழங்கால் வலிக்குக் காலை நீட்டிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பனுக்கு இடது தோளில் மட்டும் அடி.

யாருக்கும் தெரியாது. அன்வருக்குத் தெரியாது, அவளிடம் அவன் சொல்லியாகிவிட்டது, அக்கா அவரிடம் சொல்லியிருப்பாள், அவர் தள்ளிப் போட்டிருப்பார் என்று அவன் பாட்டுக்கு இருக்கிறான். வண்டியைக் கட்டி இழுத்து வந்த அன்று அவன்தான் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அந்தக் கூடுதான் வெடிச்சிருக்கு, கேக்க மாட்டேங்குறாங்களே என்று சொல்லித் தலையை ஆட்டினான். மேனேஜர் தாமோதரனுக்குத் தெரியாது. இன்சூரன்ஸ் சர்வேயர் ஜாப் கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் போன பிறகு அவர் அவள் மேசைக்கே வந்து நின்று, கோகிலா, அந்த ஒரு டிக் இல்லேன்னா இன்னைக்கு நாம எல்லாரும் கோர்ட்டு வாசல்ல நின்னிருப்போம் என்றார். எட்டு மாதத்தில் அவர் அவளைப் பாராட்டினது அதுதான் முதல் தடவை. பில் போடும் இடத்தில் நாலு வருஷம் உட்கார்ந்திருந்துவிட்டு இந்த மேசைக்கு வந்தவள் அவள், இங்கே இந்த வேலைக்கு வந்த முதல் பொம்பிளை. அதனால் அவர் பாராட்டினதை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் புன்னகை செய்தாள். செய்தாளா, அந்த முகத்தோடு. வீட்டில் புருஷனிடம் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்து, எங்க கஸ்டமர் ஒருத்தரோட சம்சாரம் ஆக்சிடெண்ட்ல போயிட்டாங்க என்பது வரைக்கும் சொன்னாள். அவன் பாவம் என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னான். பத்துப் பேரிடம் சொன்னால் ஏழு பேர் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்வார்கள். அது அவளுக்கு அனுபவத்தில் தெரிந்த கணக்கு. அவரும் அந்த ஏழில் ஒருவராக இருந்திருக்கலாம். நாற்பத்திரண்டாயிரம் என்று அவள் சொல்லியிருந்தால், போதுமுங்க அம்மணி, அதை அப்புறம் பார்த்துக்கலாம் என்று அவர் கையைத் தூக்கியிருப்பார், வண்டி அதே விஜயமங்கலத்தில் அதே மாதிரி நின்றிருக்கும், எல்லாம் இப்போது இருக்கிற மாதிரியே இருந்திருக்கும், அவள் மட்டும் சோறு தின்பாள். ஆனால் மீதி மூன்று பேர் உடனே மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். சாந்தாமணி பக்கத்தில் இருந்தாள். அவள், மாத்திப்போடுங்க, கல்யாணத்துக்குப் போகோணுமல்லோ என்று சொல்லியிருப்பாள். அந்தக் குரல் இவள் காதில் நன்றாகக் கேட்கிறது. சொல்லாத வார்த்தை எப்படி இவ்வளவு துல்லியமாகக் கேட்கும். நேற்று எதிர்வீட்டிலிருந்து பாயசம் வந்தது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அந்த வாசம் தாங்காமல் கொல்லையில் கொட்டினாள்.

பதினொன்று முப்பத்தைந்துக்குச் சென்னியப்பன் ஆட்டோவில் வந்து இறங்கினார். இடது கை கழுத்தில் மாட்டிய துணியில் தொங்கியது. வலது கையில் மடித்த துணிப்பை. முகம் மழிக்கவில்லை, நெற்றி வெறுமையாக இருந்தது. அவள் எழுந்து நின்றாள், வாங்க என்று சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காராமல் நேராக முற்றத்துக்குப் போனார். அன்வர் கூடப் போய்த் தார்ப்பாயை விலக்குவது கண்ணாடியில் தெரிந்தது. கூடவே போவதுதான் அவள் வேலை, அவள் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பட்டியல் எழுதும் தாளில் அவர் பெயரை எழுதினாள், வண்டி எண்ணை எழுதினாள், அடித்துத் திரும்ப எழுதினாள். கேட்கமாட்டார். மனைவியை இழந்த மனிதர் பிளாஸ்டிக் கூட்டைப் பற்றியா கேட்பார். கேட்டால் சொல்லிவிடுவது. சொல்லலைங்க, மறந்துட்டேங்க. மறந்துட்டேன் என்பது பொய், கூசினேன் என்பதுதான் உண்மை, ஆனால் கூசினேன் என்றால் யாருக்குப் புரியும். சொல்லிவிட்டால் வேலை போகும். வேலை போனால் போகட்டும், வழக்கு வரும், கையெழுத்து வாங்கிவிட்டுக் கட்டத்தை நிரப்பினது மோசடி என்று சொல்வார்கள், பேப்பரில் பெயர் வரும், புருஷன் பாவம் என்று அவளைப் பார்த்துச் சொல்வான். சொல்லிவிடுவதுதான். இரண்டு வார்த்தை. சொல்வதுதானே அவள் வேலை. கால் கட்டைவிரல் செருப்புக்குள் சுருண்டுகொண்டது, நீட்டினாள், மறுபடி சுருண்டது. அவர் திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்து பையிலிருந்ததை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். ஆர்.சி. புக், ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, முழங்காலுக்கு மாட்டும் பட்டை, தண்ணீர் பாட்டில். அவள் எழுதிக்கொண்டாள். கையெழுத்துப் போடப் பேனா தேடினார். சட்டைப்பை காலியாக இருந்தது. அவள் தன்னுடையதை நீட்டினாள். போட்டார். போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க அம்மணி," என்றார். "மச்சான் கேட்டுக்கிட்டே இருக்கறான். கார்டுல மூணு எழுதியிருக்குதுன்னு சர்வேயர் சொல்றாரு. பிரேக்கு சொன்னீங்க, புஷ்ஷு சொன்னீங்க, அது ரெண்டும் நெனப்பு இருக்குது. மூணாவதையும் சொன்னீங்களா?"

உள்ளறையில் தாமோதரன் போனில் பேசிக்கொண்டிருந்தார், நிறுத்தினார். நிறுத்தினாரா, அல்லது அவள் காது அடைத்துக்கொண்டதா. சென்னியப்பனின் கண்களில் சந்தேகம் இல்லை. அதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. சண்டைக்கு வந்திருந்தால், விரலை நீட்டியிருந்தால், உண்மை அந்த அடிக்குப் பயந்தாவது வெளியே விழுந்திருக்கும். அவர் தன் ஞாபகத்தை அவளிடம் கேட்டு வாங்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"சொன்னேங்க," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

"நான் என்ன சொன்னேன்?"

இதை அவள் ஒத்திகை பார்த்ததே இல்லை. இத்தனை நாள் சுற்றிச் சுற்றி வந்ததில் இந்தக் கேள்விக்கு ஒரு தடவைகூட வந்து சேர்ந்ததில்லை. ஒரு மனிதர் தான் என்ன சொன்னோம் என்று கேட்கிறார், அவள் அவருக்கு ஒரு வாக்கியம் செய்துதர வேண்டும், அவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மிச்சமுள்ள நாளெல்லாம் வைத்திருப்பார். வாக்கியம் தயாராக இருந்தது. ஏழு பேர் அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகியிருந்தது.

"அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்னு சொன்னீங்க."

"அப்படித்தான் சொல்லியிருப்பேன்," என்றார் சென்னியப்பன். குரலில் ஒன்றும் இல்லை. ஆர்.சி. புக்கையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்துப் பைக்குள் வைத்தார், பட்டையை வைத்தார். பாட்டிலை வைக்கப் போனவர் கையிலேயே பிடித்துக்கொண்டு, "அவ கேட்டாளா? பக்கத்துலதான இருந்தா அன்னைக்கு," என்றார்.

"இல்லைங்க," என்றாள் கோகிலவாணி. "அவங்க அப்ப வெளிய வண்டிகிட்ட நின்னாங்க. அவங்களுக்குத் தெரியாதுங்க."

அவர் முகம் முதல்முறையாக லேசாகத் தளர்ந்தது. அதைப் பார்த்ததும் தான் ஏதோ ஒரு நல்லது செய்துவிட்டோம் என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது. அந்த ஒரு நொடிக்காக அவள் தன்னை வெறுத்தாள். அவர் எழுந்து, வரேனுங்க அம்மணி என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டத் தெரியாமல் மாட்டிக்கொண்டு நடந்தார். கண்ணாடிக் கதவு மூடியது. கேட் வரைக்கும் போனார். அவள் மூச்சை விட்டாள், விட்ட மூச்சு பாதியில் நின்றது, ஏனென்றால் அவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். தெரிந்துவிட்டது. நடந்துபோகும்போது ஞாபகம் வந்திருக்கும், அன்றைக்குச் சாந்தாமணி வெளியே நிற்கவே இல்லை, இந்த நாற்காலியை விட்டு எழவே இல்லை, சோறு தின்னலையான்னு கேட்டுக்கிட்டிருந்தாளே என்று. நல்லது. வரட்டும். இப்போது கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவாள். அவர் கதவைத் தோளால் தள்ளித் திறந்தார், வலித்திருக்க வேண்டும், முகம் சுளித்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். வாய் திறந்திருந்தது, நாக்கு முதல் எழுத்துக்கு மேலே போயிருந்தது. அவர் மேசைக்கு வந்து, உங்க பேனாவைக் கொண்டு போயிட்டனுங்க என்று சொல்லி, அதைத் தாளின்மேல் வைத்தார். உருண்டுவிடாமல் ஒரு விரலால் நிறுத்தினார்.

"பரவாயில்லைங்க," என்றாள்.

ஆட்டோ கிளம்பிப் போனது. உள்ளறையிலிருந்து தாமோதரன் அடுத்த வண்டியின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு பெண் கையில் சாவியோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒயிப்பர் மட்டும் மாத்தினாப் போதுங்க, வேற எதையும் பார்க்க வேண்டாம் என்றாள். கோகிலவாணி சரி என்றாள். எழுதுவதற்காகக் கையை நீட்டியவள், தாளின்மேல் இருந்த பேனாவைத் தொடாமல், டிராயரைத் திறந்து வேறொன்றைத் தேட ஆரம்பித்தாள்.